பால் பொங்கிற்றா

நூற்று முப்பத்தெட்டு டிகிரி, நான்கு நொடி.
அழுத்தம் பிடித்துவைத்திருப்பதால்
இங்கே பால் பொங்குவதில்லை.
குழாய்க்குள்ளேயே சுட்டு, குழாய்க்குள்ளேயே ஆறிவிடும்.
பெராக்சைடில் குளித்து வரும் அட்டைச்சுருள்
குழலாக வளைந்து
பாலோடு சேர்த்தே ஒட்டி அறுபடும்.
காற்று வெளியே வீசலாம்;
உள்ளே வர அதற்கு அனுமதியில்லை.

பூர்க்டோர்ஃபில் ஜனவரிப் பனி.
ஏழு நாள் கதகதப்பில் வைத்த மாதிரிகளை
ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிறாள் ரெகுலா ட்சௌக்,
மாம்பழம் வாங்குபவளைப் போல.

ஒன்று விறைத்திருந்தது.
கன்னம் உப்பிய பாக்கெட்.
"உன் வரிசை," என்றாள்.

விடிய இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தோம்:
வால்வின் ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு.
நாற்பதாயிரம் லிட்டர்,
லாரி லாரியாகச் சாண எரிவாயுக்கு.
நாள், நேரம், வளைய எண் எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
என் பெயர் கட்டத்துக்குள் அடங்கவில்லை, வழக்கம்போல.

அவள் மூலையைக் கத்தரித்தாள்.
புஸ்ஸென்று ஒரு மூச்சு,
நுரை அவள் கையுறைமேல் வழிந்தது.
முகம் சுளித்தாள்.

இன்றைக்குப் பார்த்து
காலையிலிருந்து ஒன்பது பேர் தொலைபேசியில் கேட்டார்கள்,
பால் பொங்கிற்றா என்று.
அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது?
புது வளையம் எடுக்கப் போனேன்.