கால் போன நண்டின் விலை

பலகை ஆறடிக்கு மூன்றடி.
ஓரம் இரண்டு இடத்தில் நைந்திருந்தது,
கொஞ்சம் தள்ளிக் கொடுத்தார்கள்.
முதல் பூச்சு சிப்பிச் சுண்ணமும் தோல்கோந்தும்.
உடம்பு முழுக்கக் கரித்துண்டு.
வலது முழங்காலில் மட்டும்
நிஜமான பீங்கான் சில்லுகள் பதிக்க வேண்டும்.
நீலக்கோடு போட்ட சோற்றுக் கிண்ணம், நானே உடைத்தேன்.
முதல் தடவை உடையவில்லை.
இரண்டாவது தடவை
தேவைக்கு மேல் உடைந்தது.
சில்லுக்கும் சில்லுக்கும் நடுவே உருஷி மரத்தின் பால்,
அது பிசுபிசுக்கும் பதத்தில் தங்கத்தூள்.

நோட்டில் இந்த அளவுக்கு வந்திருந்தேன்
நொபுவே தகெகோஷி மாடியேறி வந்தபோது.
ஒவ்வொரு படிக்கும் இடது கால் முதலில்.
தொப்பியில் பனி. கையில் ஒமிச்சோ சந்தையின் வாடை.
முப்பத்தோரு வருஷமாக நண்டு விற்கிறவள்,
போன ஜனவரியில் ஈரத்தரையில்
பெட்டியோடு சரிந்தாள்.
நண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதை இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஹீட்டர் பக்கம் முக்காலி.
கால்சட்டையைச் சுருட்டி ஏற்றினாள்.
வடு, நான் நினைத்துவைத்திருந்த
நதியாகவோ மின்னலாகவோ இல்லை.
அவசரத்தில் தைத்த அரிசிமூட்டையின் வாய்.

"இந்த இடத்தில் தங்கம் வரும்" என்றேன்.
"யாருக்கு?"
"உங்களுக்குத்தான். உடைந்த இடத்தில்."
சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.
"கால் போன நண்டுக்கு நான் தங்கம் பூசுவதில்லை, ஷிமோசே.
அட்டையில் பழைய விலையை அடித்துக்
குறைத்து எழுதுவேன்.
ருசி அதேதான். விவரம் தெரிந்தவர்கள்
அதைத்தான் முதலில் தூக்குவார்கள்."

தங்கத்தின் டப்பியை மூடினேன்.
மூடினேன் என்றால், திறந்திருக்கவே இல்லை.
ஒரு கிராமின் விலையைப் பார்த்த நாளிலிருந்து
மூன்று வாரமாக
அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அவள் மேலங்கிப் பைக்குள் துழாவி
ஒரு பிலிம் டப்பாவை எடுத்துக் குலுக்கினாள்.
ஆஸ்பத்திரியில் தோலிலிருந்து பிடுங்கிய கம்பிகள்.
கேட்டு வாங்கினாளாம்.
போட்டது பதினொன்று. டப்பாவில் பத்து.
"ஒன்றை நர்ஸ் தவறவிட்டிருப்பாள்.
இல்லாவிட்டால் உள்ளேயே இருக்கும்."

தங்கத்துக்கு முன்னால் ஒரு காலம் இருந்தது.
விரிசலின் இரு கரையிலும் துளையிட்டு
இரும்புக் கம்பியால் கவ்வவைப்பார்கள்.
கிண்ணத்தின் வயிற்றில்
எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும்.
படித்திருக்கிறேன். மறந்திருக்கிறேன்.

ஆகவே, திருத்தம்.
தங்கம் வேண்டாம். அதன் இடத்தில் துரு.
பனியைக் கரைக்கக் கனஸாவாவின் சாலைகள்
பீச்சியடிக்கும் நிலத்தடி நீர்
தாரின்மேல் விட்டுப்போகும் செம்பழுப்பு.
ஒரு ஜாடி சுரண்டி வந்தேன்,
போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.
பத்துக் கம்பி பத்து இடத்தில்.
பதினோராவது இடத்தில் இரண்டு துளை, அவ்வளவுதான்.
மணிக்கட்டில் நண்டுக்குக் கட்டும் நீலப் பட்டை.
கண்கள் முடிவாகவில்லை.
அவள் என்னைப் பார்ப்பதில்லை,
கடைக்குத் திரும்ப வேண்டும்,
சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறாள்.
அப்படியே இருக்கட்டுமா?

உருஷி வெயிலில் காயாது. ஈரத்தில்தான் இறுகும்.
பலகையைக் குளியலறையில் சாய்த்து,
கொடியில் நனைத்த துண்டுகளைத் தொங்கவிட்டு,
கதவைச் சாத்திவிட்டு
இரண்டு வாரம் நான் பொதுக்குளியலுக்குப் போகவேண்டும்.
இப்போதே மணிக்கட்டு தடித்து அரிக்கிறது.
சொறியக் கூடாது என்றார்கள் மருந்துக்கடையில்.
சொறிகிறேன்.

இறங்கும்போது வலது கால் முதலில்.
பாதிப் படியில் நின்று கத்தினாள்,
"எவ்வளவுக்கு விற்பாய் என்னை?"
தெரியாது என்றேன்.

"குறைத்து எழுது."