அறுபத்தெட்டு

அறுபத்தேழு வரை டெலிகா சாது.
அறுபத்தெட்டில்
இருக்கைக்கடியில் யாரோ முனகத் தொடங்குவார்கள்.
எழுபத்தைந்தில், கண்ணாடிக்குள் பின்னால் வரும் ஒரு லாரி
இரண்டு லாரி.
எண்பதைத் தாண்டினால் அடங்கிவிடுமாம்.
மெஸ்தியா சாலையில் எண்பது
யாருக்கு வாய்க்கிறது?

மூன்று முறை சக்கரங்களைப் பேலன்ஸ் பார்த்தேன்.
சாலை போட்டவர்களைத் திட்டினேன், டீசலை,
கதவை அடித்துச் சாத்தும் போலந்துப் பயணிகளை.
டயர் விற்ற முர்த்தாஸைக் கொஞ்சம் அதிகமாகவே.
முர்த்தாஸ் என் மச்சான்.
ஈஸ்டர் விருந்துக்கு வரவில்லை.

எத்தேரி யாரையும் திட்டவில்லை.
பக்கத்தில் ஏறி உட்கார்ந்து
"எழுபதுக்குப் போ" என்றாள். "இப்போது நியூட்ரல்."
எஞ்சின் தணிந்தது, வண்டி தானாக உருண்டது,
நடுக்கம் மட்டும் இறங்கவில்லை.
"எஞ்சின் பிழைத்தது."
முன்சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றினாள்.
அதே அறுபத்தெட்டு.
முர்த்தாஸும் பிழைத்தான்.

பள்ளத்தில் இறங்கி
ஷாஃப்ட்டை இரு கையாலும் முறுக்கிப் பார்த்தாள்.
கிராஸ் புதுசு, ஆட்டமில்லை.
டார்ச்சை நீளவாக்கில் பிடித்து
"இங்கே வா," என்றாள்,
"இந்தக் கவையும் அந்தக் கவையும்
ஒரே நேரில் நிற்கவேண்டும்.
இது ஒரு பல் தள்ளி நிற்கிறது.
யார் மாட்டியது?"

நவம்பர். காலாவுக்குக் கீழே, சேறு.
வாயில் டார்ச், விரல்களில் உணர்வில்லை.
கழற்றுமுன் ஒரு கோடு கிழித்திருக்கலாம்,
ஆணி போதும் அதற்கு.

"தெரியவில்லை" என்றேன்.
பழைய கிரீஸில் என் கட்டைவிரல் ரேகை
அப்படியே இருந்திருக்கும்.
அவள் துணியால் துடைத்துவிட்டாள்.

இழுத்தாள், ஒரு பல் திருப்பினாள், செருகினாள்.
நான்கு போல்ட்.
ஐந்து மாதம் முக்கால் மணியில் முடிந்தது.

மிச்சமிருந்த மெல்லிய முனகலுக்கு
பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி ஓடவிட்டு,
சுழலும் குழாயருகே சாக்பீஸைப் பிடித்தாள், தொட்டும் தொடாமல்.
கனத்த பக்கம் தானே வந்து
வெள்ளை பூசிக்கொண்டது.
எதிர்ப்பக்கம் இரண்டு ஹோஸ் கிளிப்.

ஜ்வரி தாண்டி அறுபத்தெட்டு.
அறுபத்தொன்பது.
எழுபத்தைந்தில் கண்ணாடியைப் பார்த்தேன்:
ஒரே லாரி. ஓட்டுநர் கொட்டாவி விடுவதுகூடத் தெரிந்தது.

முர்த்தாஸ் வீட்டு முன்னால் ஹாரன் அடித்தேன்.
ஜன்னலைப் பாதி திறந்து
"என்ன, இன்னொரு டயரா?" என்றான்.

"ஒரு பல்" என்றேன்.

அவன் என் வாயைப் பார்த்தான்.