கத்தரிக்காய்க்குப் பக்கத்தில்

அக்னி நட்சத்திரத்தின் ஒன்பதாம் நாள்.
சத்துவாச்சாரி மாடி வீட்டில்
என் போன் தானாகவே எழுதிக் காட்டியது:
சூடு தாங்கவில்லை, ஆறிய பிறகு வாருங்கள்.
எனக்கும் தாங்கவில்லைதான்.
ஆனால் நெற்றியில் அப்படி எழுதிவிட்டு
அணைந்துபோக எனக்கு வசதி இல்லை.

கைக்குட்டையில் சுற்றி
ஃப்ரிட்ஜின் காய்த்தட்டில்
இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில்
படுக்கவைத்தேன்.
வைக்கக் கூடாது, உள்ளே வேர்த்துவிடும்.
தெரியும்.
ஊருக்கெல்லாம் நான் சொல்லும் புத்திமதியே அதுதான்.

நான்கு மணிக்கு அலாரம்.
ஹெப்சிபா கதவைத் திறந்து
கொஞ்ச நேரம் குளிர் வாங்கிக்கொண்டு நின்றாள்.
"உங்களுக்குத்தான். கத்தரிக்காய் கூப்பிடுது."

கடிகாரத்துக்கு என்மேல் அக்கறை அதிகம்.
பாலாற்றுப் பாலம் இறங்கி
விருதம்பட்டில் ஸ்கூட்டர் விழுந்து எழும்
ஒவ்வொரு பள்ளத்தையும்
நான் நடந்ததாகக் குறித்துக்கொள்கிறது.
நேற்று மட்டும் உட்கார்ந்தபடியே
இரண்டாயிரத்து முந்நூறு அடி.
சாலை போட்டவருக்கு நன்றி.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
எட்டு மணி நேரம் நின்றுவிட்டு
நாற்காலியில் சாய்ந்த நொடியில்
மணிக்கட்டை மெல்லத் தட்டி,
கொஞ்சம் எழுந்து நிற்கலாமே என்கிறது.
இதைத்தான் மூன்று மாதத் தவணையில் வாங்கினேன்.

வரைபடத்தில் பாலாறு எப்போதும் நீலம்.
பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி
விரலால் விரித்துப் பார்த்தாலும் நீலம்.
கீழே மணல், சீமைக் கருவேலம், கிரிக்கெட்.
எல்லைக்கோட்டில் நின்று தலை சொறியும் பையன்
கணக்குப்படி மூழ்கி வெகுநேரம் ஆகிறது.
தவறு என்று புகார் எழுதத் தொடங்கினேன் ஒருநாள்.
பாதியில் அந்த நவம்பர் ஞாபகம் வந்தது:
இரு கரையும் முட்ட,
கரையில் போன் பிடித்தபடி ஊரே நிற்க,
நிறம் மட்டும் டீ.
எழுதியதை அழித்துவிட்டேன்.

இடது காதின் இயர்பட்
கோட்டை அகழியில் விழுந்து பதினான்கு மாதம்.
கடைசியாகக் காணப்பட்ட இடம் என்று
தண்ணீருக்கு நடுவில் ஒரு புள்ளி
இன்னும் காட்டுகிறது.
அழிக்க மனம் வரவில்லை.
வலது காது மட்டும் பாட்டு கேட்கிறது.
இடது காதில் காட்பாடி ரயில் அறிவிப்பு.

மூன்றாம் நாள் திரையின் மூலையில்
ஒரு வெள்ளை மூட்டம்.
லாங் பஜார் சந்தில் இம்தியாஸ்
முதுகைக் கழற்றி, கண்ணாடியைக் கண்ணில் செருகி,
ரொம்ப நேரம் பேசவில்லை.
"ஃப்ரிட்ஜ்ல வச்சீங்களா?"
"தம்பி வச்சிட்டான்."
எனக்குத் தம்பி கிடையாது.
திருகாணிகளைக் காந்தத்தில் வரிசையாக ஒட்டியபடி
அவர் சொன்னார்:
"எல்லாருக்கும் இப்படி ஒரு தம்பி இருக்கான் சார்."
எழுநூறு ரூபாய்.

அன்றிரவு கரண்ட் போனது.
ரௌட்டரின் பச்சை செத்தது,
டிவியின் சிவப்பு செத்தது,
பவர் பேங்கில் மட்டும் நான்கு நீலப் புள்ளிகள்.
ஹெப்சிபா இருட்டில் எழுந்து
எதையோ கொண்டுவந்து மடியில் வைத்தாள்.
இரண்டு வருடத்துக்கு முன்
ஆற்காடு பஸ் நிலையத்தில் வாங்கிய கைவிசிறி.
ஒயர் தொலைந்து, அன்றே மௌனமானது.

அலமாரியின் மூன்றாம் இழுப்பறை என்னுடையது.
எதற்கென்று தெரியாத பதினொரு ஒயர்கள்.
ஒவ்வொரு பொங்கலுக்கும்
அவள் தூக்கிப் போடச் சொல்வாள்,
நான் இழுப்பறைமேல் கை வைத்து நிற்பேன்.
தடவித் தடவி ஒவ்வொன்றாய்ச் செருகினேன்.
ஒன்பதாவது, தட்டையும் இல்லாமல்
உருண்டையும் இல்லாமல்
மூக்கறுந்த மாதிரி ஒன்று,
சொடுக்கென்று உட்கார்ந்தது.

விசிறி இருமியது. பிறகு சுற்றியது.
நான் வெற்றியை ஒருமுறையாவது
உரக்கச் சொல்லிக்கொள்ள வாய் திறந்தேன்.
அவள் அதற்குள் விசிறியைத் திருப்பி,
இரண்டு தலையணைக்கும் நடுவில் கிடந்த
என் போனுக்கு நேராக வைத்தாள்.
"இதுக்குத்தானே முதல்ல?"

மிச்சக் காற்று எங்களுக்கு வந்தது.