நான்காவது துளை

பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது என் பிழைப்பு.
காதை நம்பி இருபத்தாறு வருடம் வயிறு வளர்த்தவன்.
ஆகவே பியெலினென் ஏரியின் மேல்
முதல்முறை கால் வைத்ததும்
குனிந்து கேட்டேன்.

"கேட்டுக்கொண்டே நில்" என்றாள் மார்கெத்தா,
"நான் துளை போடுகிறேன்."

அவளும் புதியவள்தான். தபால் வண்டி ஓட்டுகிறாள்.
போன வாரம்தான் அந்தத் துரப்பணத்தை வாங்கினாள்,
யாரோ கழித்துக்கட்டியது, பிடியில் நீலப் பெயின்ட் மிச்சம்.
இருவருக்கும் சேர்த்து அனுபவம் பூஜ்யம்.
பயம் மட்டும் தாராளமாக இருந்தது.
அதை வீணாக்கவில்லை.

கிளம்பும் முன் அவள் வீட்டு ஃபிரிட்ஜில்
ஒரு தாள் ஒட்டினோம்:
எந்த விரிகுடா, எத்தனை பேர்,
மூன்று மணிக்குள் வராவிட்டால் யாரை அழைப்பது.
அவள் கணவன் ஹெய்மோ படித்துவிட்டு
"உயில் மாதிரி இருக்கிறதே" என்றான்.
"அதை எழுதாமல் இருக்கத்தான் இது."

கழுத்தில் ஒரு ஜோடி ஆணிக் கைப்பிடிகள்,
பாலர் பள்ளிப் பிள்ளை கையுறையைத் தொலைக்காமலிருக்க
கயிற்றில் கோத்து மாட்டுவார்களே, அப்படி.
விழுந்தால் வந்த திசைக்கே திரும்பு,
இதுவரை உன்னைத் தாங்கியது அந்தப் பக்கம்தான்.
ஆணியைக் குத்து, காலை உதை, வயிற்றால் ஏறு.
எழுந்து நிற்காதே,
உருண்டு போ.
வீட்டுக் கம்பளத்தில் படுத்துப் பழகினேன்.
பூனை பக்கத்தில் வந்து உட்கார்ந்து
முடியும்வரை பார்த்தது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் தெரியும், பதினொரு மீட்டர்.
தெரியாதது
காலுக்கும் ஆழத்துக்கும் நடுவே உள்ளது.

முதல் துளை, நாணலைத் தாண்டி: ஏழு விரற்கடை.
கறுத்துத் தெளிந்த கெட்டிப் பனிக்கட்டி.
இரண்டாவது: ஏழு.
மூன்றாவது: ஏழுக்குக் கொஞ்சம் கூட.
அவள் முன்னே, நான் நன்றாகப் பின்தங்கி,
தோளில் சுருட்டிய கயிறு.

அப்போது ஏரி முழங்கியது.
இடதுகோடிக் கம்பியைச் சம்மட்டியால் அடித்ததுபோல்
என் முழங்காலுக்குள் புகுந்து
அக்கரைக்குப் போயிற்று.
நான் ஓடப் பார்த்தேன்.
தூரத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த ஆள்
தலையைக்கூடத் திருப்பவில்லை.
குளிர் இறுக்கும்போது பனிக்கட்டி அப்படித்தான் குரைக்கும் என்பது
பிறகு தெரிந்தது.

இரண்டு தீவுகளுக்கு நடுவே
புதுவெண்பனி போர்த்திய ஓர் இடம்.
ஒரு முனகல் இல்லை.
இதைவிட நல்ல இடம் கிடையாது என்றது
என் இருபத்தாறு வருடக் காது.

அவள் வெள்ளை தொடங்கும் விளிம்பிலேயே மண்டியிட்டு
துரப்பணத்தை எட்டி ஊன்றினாள்.
மூன்று சுற்று சுற்றியிருப்பாள்.
நீர்த்த மோர்போல் சாம்பல்நிறக் கூழ், உடனே தண்ணீர்.
இரண்டு விரற்கடை.
கீழே ஓடுகிற நீரோட்டம்,
மேலே அதைக் கதகதப்பாக மூடிய போர்வை.

யாரும் பேசவில்லை.
என் காலடித் தடங்களின் மேலேயே கால் வைத்து
நான் முதலில் திரும்பினேன்.
அவளும் தவழ்ந்து, பின் எழுந்து,
இடைவெளி குறையாமல் வந்தாள்.
அந்த நடையில் என் மூச்சு
எந்தச் சுருதியிலும் சேரவில்லை.

மூன்றாவது துளையில் அதற்குள் ஆடை கட்டியிருந்தது.
கரண்டியால் விலக்கித் தூண்டில் இறக்கினோம்.
காபி குடித்தோம். கால் மரத்தது. தட்டினோம்.
இரண்டரை மணிக்கு ஒரு பெர்ச்,
என் சுண்டுவிரலைவிடச் சற்றே பெரிது.
மார்கெத்தா கையுறையைக் கழற்றி அதை நனைந்த விரலால் பிடித்து
ஏதோ முகவரி தேடுபவள்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு வந்த துளைக்கே திருப்பி அனுப்பினாள்.

மூன்று மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது, வீடு சேர்ந்தபோது.
ஃபிரிட்ஜில் எங்கள் தாளின் அடியில்
ஹெய்மோ எழுதியிருந்தான்: மீன் எத்தனை?

அவள் நடுங்கும் கையால் பேனாவைத் தேடி எடுத்து
அதன் கீழே எழுதினாள்:
துளை நான்கு.