உறவுமுறை

பியர்சன் விமான நிலையம், இரண்டாம் விசாரணை அறை.
ஜனவரி. இரவு பதினொன்றே கால்.
என் பெயரை இங்கே யாரும் கேட்பதில்லை.
கழுத்துப் பட்டியில் ஓர் எண்,
அதற்குக் கீழே தமிழ் என்று ஒரு சொல்.

சத்தியம் செய்திருக்கிறேன்:
கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்,
எனக்கென்று ஓர் அபிப்பிராயம் வைத்திருக்க மாட்டேன்.
அவர்கள் நான் என்றால் நானும் நான் என்பேன்.
இப்படித்தான் இருபத்தொரு வருடத்தில்
நான் கொழும்பில் கைதாகியிருக்கிறேன்,
கப்பலில் குடல் வெளியே வர வாந்தி எடுத்திருக்கிறேன்,
ஒருமுறை நாற்பது வயது ஆணாக இருந்து
மகனைப் புதைத்திருக்கிறேன்.
பிறகு ஸ்காபரோவுக்குப் போய்
பழைய சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

இன்றிரவு நான் சுகிர்தா.
கடவுச்சீட்டில் எனக்குப் பதினாறு வயது.
கடைவாயில் ஒரு பால்பல் இன்னும் ஆடுகிறது.
நாக்கால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள்.

அதிகாரி லவோய் கேட்கிறார்:
வெளியே காத்திருப்பவர் உனக்கு யார்?

"மாமா."

படிவத்தில் உறவுமுறை என்றொரு கட்டம்.
பேனா அதற்கு மேல் வந்து நிற்கிறது.
அங்கிள் என்று நான் சொன்னால் போதும்,
கட்டம் நிறையும், முத்திரை விழும்,
கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும்.

தமிழில் மாமா யார்?
அம்மாவின் தம்பி மாமா.
பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருப்பவர் மாமா.
கடைக்கார மாமா, ஊசி போடும் டொக்டர் மாமா,
அழுதால் பிடித்துக்கொண்டு போகிற பொலிஸ் மாமா.
பெண்களை விற்றுத் தின்பவனுக்கும்
நாங்கள் வைத்திருப்பது அதே பெயர்தான்.
இத்தனை பேர் ஒரு சொல்லுக்குள் நெருக்கியடித்து நிற்க,
ஆங்கிலத்தில் ஒருவர் மட்டும் வெளியே வருவார்.
அதுவும் நல்லவராக.

வரும்போது அவரைக் கண்டேன்.
சின்னப் பிள்ளை அளவில் ஊதா நிற ஜக்கெட் ஒன்றைக்
கையில் மடித்து வைத்திருந்தார்.
விலைச்சீட்டு தொங்கியது.
அவளுக்குக் குளிருமென்று யோசித்திருக்கிறார்.
என்ன அளவு என்றும் தெரிந்திருக்கிறது.

விதியில் எனக்கு ஒரு சந்து உண்டு.
அதற்குள் நுழைய
என்னை நானே படர்க்கையில் சொல்ல வேண்டும்:
ஒரு சொல்லை விளக்க
மொழிபெயர்ப்பாளர் அனுமதி கேட்கிறார்.

லவோய் கண்ணாடியைக் கழற்றினார்.
முப்பது விநாடி பேசினேன்.
கூட்டவில்லை. குறைக்கவில்லை.
கைகளை மட்டும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பேனா மேலே வந்தது.
அம்மாவுக்கு அவர் அண்ணனா, தம்பியா?

ஆடிக்கொண்டிருந்த நாக்கு நின்றது.

"அம்மாவுக்கு அவரைத் தெரியாது."
பிறகு,
"எனக்கும் தெரியாது. படம் காட்டினவை."
பிறகு, யாரும் கேட்காமலே,
"டிக்கட் காசு கழியுமட்டும் கடையில நிக்கோணும்.
இரவிலயும்."
எவ்வளவு காசு?
"அது மாமாவுக்குத்தான் தெரியும்."

ஒவ்வொன்றையும் என் வாயால் நானாகச் சொன்னேன்.
லவோய் அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடிழுத்து
தொலைபேசியை எடுத்தார்.
சிறுவர் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வரும்வரை
வெளிக்கதவு திறக்காது.

சுகிர்தா என்னைப் பார்த்தாள். என்னை மட்டும்.
"அக்கா, நீங்க என்ர பக்கமோ?"

இதற்கும் விதி உண்டு.
கேள்வி என்னுடையதல்ல, நான் பதில் சொல்லக் கூடாது.
லவோயிடம் திரும்பி அவளுடைய குரலில் கேட்டேன்:
நீங்கள் என் பக்கமா?
அவர் அவசரப்படவில்லை.
நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரே போட்டு, இருந்து,
அவளைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன்:
"ஓம்."

கட்டணச் சீட்டில் இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று எழுதினேன்.
பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
நெடுஞ்சாலையில் உப்புத் தூவும் வண்டிக்குப் பின்னால்
மெல்ல ஊர்ந்து வந்தேன்,
கடைவாய்ப் பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்தபடி.
அது ஆடவில்லை.