கீழ்த்தட்டு

ஜூன் முதல் வாரம் மாநகராட்சி ஒரு பட்டியல் தரும்:
எந்தெந்த நாளில் கடல்
நாலரை மீட்டருக்கு மேல் எழும் என்று.
அதை "சத்தம் போடாதீர்"க்குப் பக்கத்தில் குத்திவைப்பேன்.
பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து
கீழ்த்தட்டுகளைக் காலி செய்வேன்.

மித்தி ஆற்றிலிருந்து தாராவியின் இந்த வாசலுக்கு
நடந்தால் ஏழு நிமிடம்.
தண்ணீருக்கு அதைவிடக் குறைவு.

ஏழு அலமாரி, அலமாரிக்கு ஐந்து தட்டு.
மேல் நான்கில் எவ்வளவு நெருக்கினாலும்
முன்னூறு புத்தகம் மிஞ்சும்.
எது நனையலாம்?
நூலகப் படிப்பில் இதற்குத் தாள் இல்லை.

முதல் வருடம் அகராதிகளை ஏற்றிவிட்டு
சமையல் குறிப்புகளை விட்டேன்.
ஆகஸ்டில் மூன்று பெண்கள் வந்து
என்னோடு பேசாமல் போனார்கள்.
இரண்டாம் வருடம் கவிதைகளை விட்டேன்.
யாரும் கேட்கவில்லை;
அதனாலேயே மறுவருடம் ஏற்றினேன்.

இப்போது கீழே இருப்பவை:
மூன்றாம் தொகுதி இல்லாத கலைக்களஞ்சியம்,
தொண்ணூற்றெட்டின் ரயில் கால அட்டவணை,
சங்கத்தின் பொன்விழா மலர், எழுபது பிரதி.
பக்கம் மூன்றில் தலைவர் தவசிக்கனி
மாலையோடு சிரிக்கிறார்.
ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டார்.
"என்னம்மா, என்னைய முக்கிக் கொல்லப் பாக்கியா?"
"அஸ்திவாரம், அண்ணாச்சி."
நம்பினாரோ என்னவோ,
அந்த மாதக் கரண்ட் பில்லை அவரே கட்டினார்.

வருகிறவர்களில் பாதிப் பேர்
அலமாரிப் பக்கம் திரும்புவதே இல்லை.
போலீஸ் தேர்வு, ரயில்வே தேர்வு, நர்சிங் தேர்வு.
வீட்டில் பத்துக்குப் பத்தில் ஆறு பேர், ஒரு டிவி.
இங்கே மேஜை, மின்விசிறி, இரவு பத்துவரை வெளிச்சம்.
சூரஜ் வாக்மாரே மூன்று வருடமாக வருகிறான்.
ஒரு நாற்காலி, ஒரு சுவிட்ச்:
இந்த அறையில் அவன் தொட்டது அவ்வளவுதான்.
"இவங்கள்லாம் வாசகரா?" என்றது கமிட்டி.
வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது என்றேன்.

ஜூலை பதினாறு. ஏற்றம் நான்கு புள்ளி ஏழு, பகல் ஒன்று இருபது.
மழையும் அதே நேரத்தைக் குறித்துவைத்திருந்தது.
வாசலுக்கு மணல் மூட்டை அடுக்கியிருந்தேன்.
கடல் கழிவறைத் துளை வழியாக வந்தது.

தண்ணீர் இரண்டாம் தட்டைத் தொடப் பார்த்தபோது
நான் யாரையும் கூப்பிடவில்லை. தோன்றவில்லை.
நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

எஸ்தர் மேஜைமேல் ஏறினாள்.
இர்ஷாத் பேன்ட்டை மடித்தான்.
அப்புறம் கைக்குக் கை, கைக்குக் கை,
என் பகுப்பு எண்கள் எல்லாம் கலைந்து
நாவல்மேல் அம்மைத் தடுப்பு,
அதன்மேல் சோழர் வரலாறு,
மீட்டர் பெட்டியை முட்டும்வரை.

நடுவில் நின்றவன் சூரஜ்.
தமிழ் தெரியாது; எடை பார்த்துப் பிரித்தான்.
"ஜட்" என்றால் மேஜைக்கு, "ஹல்கா" என்றால் பரணுக்கு.
ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான்,
ஏதோ பழைய இலக்கணக் கையேடு.
அட்டையில் விரல் வைத்து மராத்தியில் கேட்டான்:
"மேடம், இந்த மூணு புள்ளி என்ன?"

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு
ஆய்தத்தை எப்படி விளக்குவது?
"தனியா நிக்காது. முன்னால ஒரு எழுத்து,
பின்னால ஒரு எழுத்து வேணும்."
"நம்ம லைன் மாதிரி" என்றான்,
பின்கைக்குக் கொடுத்தான்.

ஐந்து மணிக்கு வடிந்தது.
எழுபது தவசிக்கனிகளும் உப்பிப்போய்
இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
பதிவேட்டில் "எடுக்கப்பட்ட நூல்கள்" கட்டத்தில்
இரண்டாயிரத்து நூற்று நாற்பது என்று எழுதினேன்.
கமிட்டி கேட்கட்டும்.

மறுநாள் நான்கு மின்விசிறிகளும்
நனைந்த பக்கங்களைப் பார்த்துச் சுற்றின.
சூரஜ் அதே நாற்காலியில், சதவீதக் கணக்கில்.
நெற்றி வியர்த்து தாளில் சொட்டியது.
ஒன்றும் சொல்லவில்லை.
சுவிட்சை மட்டும் ஒருமுறை பார்த்தான்.