நிண்ட நேரம்

வருகை 5.40. நான்தான் எழுதினேன்.
மாங்குளம் நெற்களஞ்சியம், படலையடி மேசை,
மழையில் ஊறிப் பொருமிய கொப்பி.
முன்னால் மூன்று லொறி.
நாலாவதிலிருந்து இறங்கி வந்த செபமாலை
"பத்துக்குள்ள ஏத்தினா, பிள்ளை,
வெளிச்சத்தோட பொலன்னறுவை" என்றார்.
தலையாட்டினேன்.
தலையாட்டினதைக் கொப்பியில் எழுதுவதில்லை.

எஞ்சின் உறுமியதிலிருந்து பத்து மணித்தியாலம்,
அதற்குமேல் ஓடக்கூடாது.
கம்பனிச் சட்டம்.
கண்ணாடிக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி,
அதில் பச்சையாய் ஒரு கண்.
பரந்தனில் விடிய நாலரைக்கு விழித்த கண்.
சில்லு சுழலுதா, சும்மா நிற்குதா
அதற்கு எல்லாம் ஒன்று.

ஏற்றுகிற ஆட்கள் எட்டுப் பேர்.
இரண்டு பேர் பொங்கலுக்கு வற்றாப்பளை போய்விட்டார்கள்.
முதல் லொறியில் பாதி ஏறிய பிறகு
ஈரம் பார்க்கிற கருவி பதினேழு காட்டியது.
ஏறினதெல்லாம் இறங்கியது.
நெல்லுக்காரர் கத்தினார்,
களஞ்சியக்காரர் கத்தினார்,
பதினொன்றுக்கு மழையும் வந்து சேர்ந்தது.
படங்கு இழுத்து, படங்கு கழற்றி,
மறுபடி இழுத்து.
செபமாலை கண்ணை மூடுகிற நேரம் பார்த்து
"அண்ணை, கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ."
பதினைந்து அடி எடுப்பார்.
பிறகு ஒரு மணித்தியாலம்.
பிறகு பதினைந்து அடி.

இரண்டரைக்குக் கண் சிவந்தது.
அப்போது ஏறியிருந்தது எழுபத்திரண்டு மூட்டை.

மூன்று இருபதுக்குக் கயிறு முடிந்துவிட்டு
மேசைக்கு வந்தார். முழங்கைவரை உமித்தூசி.
"நாலு மணித்தியாலம் ஓய்வு எண்டு போட்டுவிடு பிள்ளை.
நீ கையெழுத்து வைச்சால் கந்தோர் கழிச்சுவிடும்."

கழிச்சுவிடும்தான்.
போன காலபோகத்தில் தவராசாவுக்கு அப்படித்தான் போட்டேன்.
இதே நீலப் பேனை.
அந்த நாலு மணித்தியாலமும் அவர்
மூட்டைக்கு மேலே நின்று படங்கு கட்டிக்கொண்டிருந்தார்.
இரவு, கனகராயன்குள வளைவு.
தவராசா இருக்கிறார்.
சைக்கிளில் வந்த பொடியன் இல்லை.
வவுனியா நீதிமன்றத்தில் கொப்பியை விரித்து
"இது உம்முடைய எழுத்தோ?" என்று கேட்டார்கள்.
என்னுடைய 'ஓ' எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் சாயும்.

"ஏலாது அண்ணை" என்றேன்.
வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

அவர் கத்தவில்லை.
"ஏத்தினதுக்கு அவங்களுக்குக் காசு.
ஓடினால் எனக்குக் காசு.
நிண்டதுக்கு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"
எனக்கு மாதச் சம்பளம்.
இருந்தாலும் வரும், நின்றாலும் வரும்.
பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஈரச் சாரத்தைப் பக்கக் கண்ணாடியில் போட்டுவிட்டு
லொறிக்கு அடியில் சாக்கு விரித்தார்.
வீட்டுக்காரியோடு போனில் கதைத்தது கேட்டது:
"இல்லையப்பா, ஓடேல்ல. நிக்கிறன்."

அடிமட்டம் எடுத்தேன்.
ஓய்வு என்ற பத்தியில் ஒரு கோடு கிழித்தேன்.
ஓரத்தில் புதிதாய் ஒரு பத்தி இழுத்து எழுதினேன்:
நிண்டது — 9 மணி 40 நிமிசம்.

அடுத்த நாள் காலை ஏழரைக்கே கந்தோரிலிருந்து போன்.
"இதென்ன புதுசா? படிவத்தில இப்பிடி ஒண்டு இல்லையே."
"இல்லைத்தான் சேர்" என்றேன்.
"அப்ப வெட்டும்" என்றார்கள்.
இன்னும் வெட்டவில்லை.

விடிய மூன்றரைக்குப் புறப்பட்டாராம்,
காவல்காரர் சொன்னார்.
இரவெல்லாம் பெய்து அப்போதுதான் விட்டிருந்த மழை.
முற்றம் முழுக்கச் சேறு,
அவர் நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாய்க் காய்ந்து,
அதில் சிந்திய நெல், நாலைந்து குருவிகள்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
இன்னொரு லொறி பின்பக்கமாய் வந்து
அதன்மேல் நின்றது.

வருகை 7.55.